இரவுப் பணிப் பட்டியல்

பேரிடர் மேலாண்மை என்று ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் தேர்வை நான் எழுதியதற்குக் காரணம், பாஸானால் சொந்த மாவட்டத்திலேயே போஸ்டிங் போடுவார்கள் என்று டைப்ரைட்டிங் வகுப்பில் கூடப் படித்த பெண் சொன்னதுதான். எங்கள் தாத்தா காலத்தில் அந்த நாற்காலியில் கர்ணம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவும் கர்ணம், தாத்தாவும் கர்ணம். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. 1989இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றுக்குக் கணக்கு எழுதப் போனேன். முதல் நாள் தலையாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஐயா வரலையாம்மா?” என்று கேட்டார். நான்தான் ஐயா என்று அவருக்கு விளங்க வைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று.

அடங்கல், சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஜமாபந்தி. இதுதான் வேலை. ஐப்பசி பிறந்தால் மட்டும் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்து ஊரில் தண்டோரா போடச் சொல்வோம். 1977 புயலைப் பார்த்த கிழவர்கள் எங்களைவிட வானத்தை நம்பினார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். சுமத்ரா கடலடியில் நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. அலை நாகைக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஒரு போன்கூட வரவில்லை. நான் டவுனில் என் வீட்டில் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் “கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கடல் எப்படி வரும் என்று எட்டிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் சேறு அப்பிய ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அன்று பிற்பகலிலிருந்து எனக்குக் கிடைத்த வேலை, உடல்களுக்குப் பதிவேடு எழுதுவது. பிரேதப் பரிசோதனை வேண்டாம், படம் எடுத்து அடையாளம் குறித்துக்கொண்டு புதைக்கலாம் என்று உத்தரவாகியிருந்தது. வேறு வழியும் இல்லை. எண், ஆண் அல்லது பெண், சுமார் வயது, உடை, நகை, மச்சம், பச்சை என்று நோட்டில் கோடு போட்டிருந்தோம். ஆண் உடல் வந்தால் மளமளவென்று எழுதினார்கள். பெண் உடல் வந்தால் பேனா நின்றுவிடும். “பெண், சுமார் 30, சேலை.” அத்தோடு சரி. ஈரத்துணியை விலக்கிப் பார்க்க ஆண்களுக்குக் கை வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் “பெண், சுமார் 30, சேலை” என்று எழுதி மண்ணில் போட்டுவிட்டால், நாளைக்கு அவளைத் தேடி வருகிற அண்ணன் எந்த வரியில் அவளைக் கண்டுபிடிப்பான்?

நானும் ஒரு நர்ஸம்மாவும் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் பெண்கள் வரிசையை எடுத்துக்கொண்டோம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. மூக்குத்தி இடமா வலமா, பாவாடை நாடாவில் முடிந்த சாவி, முழங்கையில் பச்சை குத்திய பெயர், ரவிக்கையின் உள்பக்கம் தையற்கடைக்காரர் ஒட்டிய துணிச்சீட்டு, இடுப்பில் சுருக்குப்பை, அதில் எத்தனை ரூபாய் என்று எழுதினோம். தாலியையும் மெட்டியையும் கழற்றி உறையில் போட்டு, எண் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினோம். சில நாள் கழித்து ஒருவர் வந்து நோட்டைப் புரட்டிக்கொண்டே போனார். தாலிச் சரட்டில் நான்கு ஊக்கு, அதில் ஒன்று துருப்பிடித்தது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, “இதுதாம்மா” என்றார். படத்தைக் காட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அதுவரை இந்த மாதிரி வேலைக்குப் பெண்களை அனுப்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மூன்றாம் நாள் பக்கத்து வட்டங்களிலிருந்து பெண் பணியாளர்களை அனுப்பச் சொல்லி ஆள் விட்டார்கள்.

மாவட்டத்தில் இறந்தவர்கள் 6,065 பேர் என்று அரசுக் கணக்கு பின்னால் முடிந்தது. ஆண்கள் 1,883, பெண்கள் 2,406, மற்றவர்கள் குழந்தைகள். ஏன் பெண்கள் அதிகம் என்று ஆய்வு செய்ய வந்தவர்கள் கேட்பார்கள். கரையோரத்து ஆட்களுக்கு இது கேள்வியே இல்லை. ஆழ்கடலில் படகில் இருந்த ஆண்களுக்கு ஒரு ஏற்ற இறக்கம் தெரிந்தது, அவ்வளவுதான். மீன் வரும், ஏலம் எடுக்கலாம் என்று கரையில் கூடையோடு நின்றவர்கள் பெண்கள். தண்ணீர் வந்ததும் அவர்கள் ஓடியது மேட்டை நோக்கி இல்லை, பிள்ளை படுத்திருந்த வீட்டை நோக்கி. சேலை காலைக் கட்டியது. கூந்தல் கருவேல முள்ளில் சிக்கியது. நீச்சல் யார் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

நாகூர் தர்கா தன் இடத்தில் எந்த மதத்து உடலையும் புதைக்க இடம் தந்ததையும், முஸ்லிம் இளைஞர்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உடல்களைத் தூக்கியதையும் இங்கே எழுதாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

சாவுக் கணக்கு ஓய்ந்ததும் உயிரோடு இருப்பவர்கள் கணக்கு தொடங்கியது. என் அனுபவத்தில் அதுதான் கஷ்டமானது. லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. எங்கள் பெண்கள் ஒருத்தரும் தொடவில்லை. ரோட்டோரம் மலையாகக் கிடந்து மழையில் ஊறியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மாற்று உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் மறைவாக ஒரு கழிப்பிடமும். இந்த மூன்றும் எந்த நிவாரணப் பொட்டலத்திலும் இல்லை. கேட்டு எழுதவும் கூச்சம். ஆண் அதிகாரியிடம் அந்தப் பெண்கள் வாயே திறக்கவில்லை. என்னிடம் காதோரம் வந்து சொன்னதை நான் காகிதத்தில் எழுதி மேலே அனுப்பினேன். கோப்பில் அந்த வார்த்தையை எழுதலாமா என்று ஒரு மூத்தவர் யோசித்தார். எழுதாவிட்டால் எப்படி வாங்குவது என்று கேட்டேன்.

பிறகு தலைக்கட்டு. மீனவ ஊர்களில் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து நோட்டின்படிதான் இறங்கும். வரி கட்டுகிற கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. சுனாமியில் கணவனை இழந்தவள் அந்த நோட்டில் இல்லை. அதற்கு முன்பே இழந்தவள் எப்போதும் இருந்ததில்லை. பஞ்சாயத்தாரில் பெரியவர் ஒருவர் பொறுமையாகவே சொன்னார்: “வரி கட்டற தலைக்கட்டுக்குத்தாம்மா சாமான். ஆம்பள இல்லாத வூட்டுக்கு நாங்க எந்த கணக்குல குடுக்குறது?” அவர் கெட்டவர் இல்லை. அவருடைய நோட்டு அப்படி. நான் ரேஷன் கார்டுப் பட்டியலைக் கொண்டுபோய் அரசமரத்தடியில் உட்கார்ந்தேன். “உங்க நோட்டு உங்ககிட்ட இருக்கட்டும் ஐயா, நான் சர்க்கார் நோட்டுல இருக்கிற பேரைப் படிக்கிறேன்” என்று ஒவ்வொரு பெயராகப் படித்தேன். விதவைகளின் பெயர் வந்தபோது முணுமுணுப்பு எழுந்தது. கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு ஒரு லட்சம், பிரதமர் நிதியிலிருந்து ஒரு லட்சம், ஆக 2 லட்சம் ரூபாய். வாரிசுச் சான்றுக்கு விசாரித்து எழுதுவது கிராம நிர்வாக அலுவலர். இருபது வயதைத் தாண்டாத பெண், கையில் பச்சைக் குழந்தை, பின்னால் மூன்று கொழுந்தன்கள். “அண்ணிய நாங்க பாத்துக்குவோம்மா, பணத்த எங்க பேர்ல போட்டுடுங்க.” சட்டப்படி வாரிசு என்றால் மனைவி, பிள்ளைகள், தாய்; தம்பிமார் கிடையாது. இதை ஒரு வாக்கியத்தில் இங்கே எழுதிவிட்டேன். அந்த முற்றத்தில் அதைச் சொல்லிவிட்டு எழுந்து வருவதற்குள் வியர்த்துவிட்டது. மீன் விற்கிற பெண்களின் நஷ்டத்தையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கட்டுமரத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் மதிப்பீடு இருந்தது. “கூடைதானே போச்சு?” என்று கேட்ட அலுவலரிடம் ஒரு அம்மா, “கூடைக்குள்ள இருந்தது கந்து வட்டி முதலு சார், அது உங்க கணக்குல எங்க வரும்?” என்றார். அந்த அலுவலர் எழுதிக்கொண்டார். 2005இல் நிரந்தர வீடுகளுக்கான அரசாணை, வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்று சொன்னபோது அதைக் கடைப்பிடிக்க வைத்ததில் எங்கள் மாதிரி கீழ்மட்டப் பெண்களின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. கோப்புகளில் அது தெரியாது.

அந்த ஆண்டு டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆணையம், கட்டுப்பாட்டு அறை, 1077 என்ற எண், ஒத்திகை, பயிற்சி. நான் பதவி உயர்ந்து உதவியாளராக ஒரு அலுவலகத்தின் பேரிடர்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒத்திகை வைத்தால் மீட்பவர்கள் ஆண்கள், ஸ்ட்ரெச்சரில் படுப்பவர்கள் நாங்கள். மயங்கிக் கிடக்கிற வேஷத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

பருவமழை தொடங்கினால் கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று ஷிப்டு போடுவார்கள். பெண்களின் பெயர் பகல் ஷிப்டில் மட்டும். இதைச் சலுகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சில பெண்களும்தான். சொல்லப்போனால் எனக்கும் ஆரம்பத்தில் அது வசதியாகவே இருந்தது. கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. புயல் பெரும்பாலும் எங்கள் ஷிப்டு முடிந்த பிறகுதான் கரையேறியது. காலையில் வந்தால் எல்லா முடிவும் எடுத்து முடிந்திருக்கும். எந்தப் பாலம் மூழ்கும், எந்த ஆற்றில் எந்த மதகைத் திறக்க யாரைக் கூப்பிட வேண்டும் என்ற அறிவெல்லாம் இரவில் விழித்திருந்தவர்களிடம் சேர்ந்தது. பதவி உயர்வு வரும்போது “அனுபவம்” என்று கேட்கப்பட்டது அந்த அறிவைத்தான். இரவுப் பட்டியலில் என் பெயரையும் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். “வீட்ல கேட்டுட்டீங்களாம்மா?” என்றார் மேலதிகாரி. வீட்டில் என் அம்மா, “ராத்திரி டூட்டி நர்ஸுக்கு உண்டு, கணக்கெழுதறவளுக்கு எதுக்குடி?” என்றாள். என் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். ஒன்றும் சொல்லாமல் டார்ச் லைட்டுக்கு பாட்டரி வாங்கி வந்து வைத்தார். ஆபீஸில் பெண்களுக்குக் கழிப்பறை பூட்டியே கிடந்தது. சாவி அலுவலக உதவியாளர், அதாவது ஓ.ஏ. வீட்டில் இருக்கும். அந்தச் சாவியை வாங்குவதற்கு ஒரு குறிப்பாணை தேவைப்பட்டது.

2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் டெல்டா முழுக்க வெள்ளக்காடு. நள்ளிரவு தாண்டி ஒரு போன். எனக்கு முன்னால் அதே வீட்டிலிருந்து வந்த அழைப்பை ஆண் ஊழியர் எடுத்து, “வீட்டைச் சுற்றித் தண்ணீர், உதவி தேவை” என்று பதிந்திருந்தார். அந்தப் பகுதியில் எல்லா வீட்டைச் சுற்றியும்தான் தண்ணீர். இந்த முறை பெண் குரல் கேட்டதும் மறுமுனையில் இருந்த மாமியார் கொட்டித் தீர்த்தார். மருமகளுக்கு வலி கண்டு வெகுநேரமாகிறது, பனிக்குடம் உடைந்துவிட்டது. ஃபைபர் படகு போனது. காலையில் பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே “தாயும் சேயும் நலம்” என்று எழுதிவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். அதற்குப் பிறகு என் பெயரை இரவுப் பட்டியலிலிருந்து எடுக்க யாரும் முயலவில்லை.

2012 எனக்கு இரண்டு காரணங்களால் நினைவிருக்கிறது. பொங்கல் விடுமுறையில் சென்னை எழிலகம் வளாகத்தில் கலச மகால் தீப்பிடித்தது. உள்ளே போன தீயணைப்பு வீரர் அன்பழகன் இறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார். 2003இல் அந்தத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்த முதல் இரண்டு பெண்களில் அவர் ஒருவர், இன்னொருவர் மீனாட்சி விஜயகுமார். செய்தி வந்த நாள் எங்கள் ஆபீஸில், “பொம்பளைக்கு எதுக்கு சார் இந்த வேலை” என்று ஒருவர் வருத்தத்தோடுதான் சொன்னார். செத்துப்போனவரைப் பற்றி ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் இதை நான் சொன்னபோது கொஞ்சநேரம் எல்லோரும் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, ஏப்ரல் 11. பகல் இரண்டு மணிக்குப் பிறகு சுமத்ரா பக்கம் மறுபடி நில அதிர்ச்சி, 8.6 அளவில். இந்த முறை ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்திலிருந்து தகவல் உடனே வந்தது. நான் வருவாய் ஆய்வாளர். ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு குப்பத்துக்குள் போனால், பெண்கள் ஏற்கெனவே ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், செத்தவர்களின் படம். பை எப்போதும் கட்டியே இருக்கிறதாம், கதவுக்குப் பின்னால் ஆணியில். எங்கள் பயிற்சிக் கையேட்டில் அப்படி ஒரு பை பற்றி ஒரு அத்தியாயமே உண்டு. அவர்கள் அதைப் படித்ததில்லை. அலை வரவில்லை, சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

கஜா புயல் வந்தபோது நான் துணை வட்டாட்சியர். 2018 நவம்பர் 15 காலை என்னை மண்டலக் குழுவில் வேதாரண்யம் பக்கம் போகச் சொன்னார்கள். புயல் நள்ளிரவில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் ஏறும் என்று வானிலை மையம் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆட்களை வீட்டிலிருந்து கிளப்புவதுதான் பாக்கி. அன்று மாநிலத்தில் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்கு வந்தார்கள். அந்த எண்ணைப் படிக்கிறவர்கள், சைரன் ஊதியதும் வரிசையாக வந்தார்கள் என்று நினைக்கலாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வழக்காடு மன்றம் நடந்தது.

“மாட்டை யாரும்மா பாப்பா?” மாட்டை அவிழ்த்து விடுங்கள், கயிறோடு விடாதீர்கள். “ஆடு?” ஆட்டைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் கட்டலாம், தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன். ஒரு வீட்டில் அப்பா திட்டவட்டமாக மறுத்தார். காரணம் கேட்டால் கூரை பலமாக இருக்கிறது என்கிறார். ஓலைக் கூரை. கொல்லைப்பக்கம் போய் அவர் மனைவியிடம் பேசினேன். வயசுக்கு வந்த இரண்டு பெண்கள், முகாமில் ஆண்களும் படுப்பார்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்குமா? இதை அந்த மனிதர் எந்த அதிகாரியிடமும் சொல்லியிருக்க மாட்டார், கூரை பலம் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு வகுப்பறையைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கி, தாழ்ப்பாள் மாட்ட ஆசாரியைக் கூட்டி வந்து, வாசலில் நானே படுக்கிறேன் என்று சொன்ன பிறகு அந்தத் தெருவே கிளம்பிற்று. மீட்பு என்றால் கயிறும் படகும் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தாழ்ப்பாள் கதை சப்பென்று இருக்கும்.

அன்றிரவு காற்று மணிக்கு 100, 110 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது என்று பின்னால் சொன்னார்கள். முதலில் வடக்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சற்று ஓய்ந்தது. எழுந்து வெளியே போகப் பார்த்த ஆண்களைக் கதவில் மறித்து உட்கார வைத்தேன். புயலின் கண் கடந்தால் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பும் என்பதைக் கட்டுப்பாட்டு அறை இரவுகளில்தான் கற்றிருந்தேன். திரும்பிற்று. ஓடுகள் சீட்டுக்கட்டுபோலப் பறந்தன. குழந்தைகளைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினோம்.

விடிந்ததும் ஊரை அடையாளம் தெரியவில்லை. தென்னை அத்தனையும் ஒரே பக்கம் தலை சாய்ந்து கிடந்தது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்திருந்தன. கரண்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போய்த் தொட்டிக்கு ஒரு மணி நேரம் ஓட விட்டோம். ஜனங்களுக்குக் கோபம். சாலையில் மரத்தைப் போட்டு ஜீப்பை மறித்தார்கள். நான் இறங்கி அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எங்கள் டிரைவர் தம்பி, “மேடம், உள்ள வாங்க” என்று கெஞ்சினார். மறியல் செய்ய வந்த அம்மாக்கள் முதலில் திட்டினார்கள், பிறகு எந்தத் தெருவில் எத்தனை கைக்குழந்தை என்று அவர்களே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

பிறகு தென்னைக் கணக்கு. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக ஒரு மரத்துக்கு 1,100. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கும், தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவள் மருமகள், கணவன் சிங்கப்பூரில் இருப்பான். மறுபடியும் வாரிசுச் சான்று, மறுபடியும் கொழுந்தன்கள். பதினான்கு ஆண்டுகளில் எனக்குப் பதவி மாறியிருந்தது, முற்றம் மாறவில்லை. புயல் பருவம் என் வீட்டையும் விடவில்லை. என் மகள் பெரியவளானதும் ஒரு கார்த்திகையில்தான். சடங்கைத் தைக்குத் தள்ளினோம். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006இல் உருவானது. அதன் முதல் பெண்கள் அணி கங்கைக் கரையில் பணியில் இறங்கியது 2021 ஜனவரியில். அரக்கோணத்திலிருந்து வரும் படையினரை நான் பலமுறை வரவேற்றுத் தங்க இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்கள் அணியின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது வெட்டி எங்கள் அறையில் ஒட்டினேன். இப்போது மாநில அரசு வேலையில் பெண்களுக்கு 40 சதவீதம். புதிதாக வரும் கிராம நிர்வாக அலுவலர்களில் பொறியியல் படித்த பெண்கள் நிறைய. வரைபடத்தை போனிலேயே திறந்து எந்தத் தெரு தாழ்வு என்று காட்டுகிறார்கள். இரவுப் பட்டியலில் பெயர் வராவிட்டால் காரணம் கேட்கிறார்கள். கழிப்பறைச் சாவி மட்டும் சில இடங்களில் இன்னும் ஓ.ஏ. வீட்டில்தான்.

ஒவ்வொரு கடலோரக் குக்கிராமத்திலும் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியல் புரட்டாசிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். அதோடு வீட்டுவாரியாகக் குடும்பத் தலைவர் பெயர், செல்போன் எண். தலைவர் கடலுக்குப் போயிருப்பார், அல்லது வளைகுடாவில் இருப்பார். எண் இருந்து என்ன பயன்? போன ஆண்டு என் வட்டாரத்துப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைக்கு உள்ளே படுத்திருக்கப்போகிற பெண்ணின் எண்ணை வாங்கி ஓரத்தில் எழுதினார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் சேர்க்கக் கோரிக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை ஓரத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்.